கஸ்பார் விரிக்காத வீடு

சிப்பித்துறையில் ஆண்டுக்கு ஒரு வரிசை வீடுகளைக் கடல் எடுத்துக்கொள்ளும். முன்வரிசைக்காரர்கள் ஐப்பசி பிறந்ததும் கதவையும் சன்னலையும் கழற்றிப் பின்வரிசையில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் சாத்தி வைத்துவிட்டு, கடல் வந்து வெறும் சுவரை எடுத்துக்கொண்டு போகும்வரை காத்திருந்து, கார்த்திகை கழிந்ததும் பின்வரிசைக்கும் பின்னால் புதிதாக ஒரு வரிசை எழுப்பிக்கொள்வார்கள். இப்படி ஊர் மேற்கே நகர நகர, ஒரு காலத்தில் ஊரின் மேற்கு எல்லையில் நின்ற மாதா கோயில் இருந்த இடத்தை விட்டு அசையாமலே ஊருக்கு நடுவில் வந்து, பிறகு கிழக்கு ஓரத்துக்கும் வந்து, கடைசியில் பூசை நேரத்தில் அலையின் துளி தெறித்துப் பீடத்து மெழுகுவர்த்தி அணைகிற அளவுக்குக் கடலை நெருங்கிவிட்டது. மேற்கே உப்பளத்து வேலி. அதற்குமேல் பின்னால் போக ஊருக்கு இடமில்லை.

அந்த வருடம் கடல் எடுத்த வரிசையில் கஸ்பாரின் வீடும் இருந்தது. கஸ்பார் சொந்த வள்ளம் வைத்திருந்தவன், நாற்பத்தாறு வயது, கேட்டால் மட்டும் பேசுகிற ஆள். கதவைக் கழற்றுவதற்கு முன்பே, ஒரு பட்டப்பகலில், அவன் மனைவி ரெஜினா தலைக்கு ஊற்றிவிட்டு ஈரக்கூந்தலோடு வெளியே வந்த நேரத்தில், பின்னால் அடுக்களைச் சுவர் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. மகள் பிலோமி அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சாயங்காலம் வந்து, வீடு இருந்த இடத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, தன் கணக்கு நோட்டு எங்கே என்று கேட்டாள்.

செய்தி கேட்டுக் கஸ்பாரின் ஒரே தங்கை அமலோற்பவம் சென்னையிலிருந்து வந்தாள். ஊருக்கு அவள் அமலி. அப்பாவைக் கடல் கொண்டுபோனபின் கஸ்பார்தான் அவளைப் படிக்க வைத்தான்; சிப்பித்துறையிலிருந்து இஞ்சினியரிங் படித்த முதல் ஆள் அவள், இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அவளுடைய ஆராய்ச்சி மடிப்பைப் பற்றியது. ஒரு தாளை மடிக்கிற விதிகளை வைத்துக்கொண்டு கூரையையும் பாலத்தையும் சுவரையும் மடித்து விரிக்க முடியுமா என்பதைப் பதினோரு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தாள், பஸ் டிக்கெட்டையும் மருந்துச் சீட்டையும் கல்யாணப் பத்திரிகையையும் மடித்து மடித்து அவளுடைய கைப்பையின் அடியில் சின்னச் சின்னக் கூரைகள் குவிந்து கிடந்தன.

கோயில் முற்றத்தில் ஊர்க் கமிட்டி கூடியபோது அவள் ஒரு செய்தித்தாளை விரித்து, சிவப்புப் பென்சிலில் சில கோடும் நீலப் பென்சிலில் சில கோடும் போட்டாள். சிவப்பு மேட்டு மடிப்பு, நீலம் பள்ள மடிப்பு. கோடுகள் கூடுகிற ஒவ்வொரு புள்ளியிலும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் எண்ணிக்கையில் இரண்டு வித்தியாசம் இருக்க வேண்டும், மூன்று மேடு என்றால் ஒரு பள்ளம், அப்படி இல்லையென்றால் தாள் தட்டையாக மடியாமல் முரண்டு பிடிக்கும் என்று சொல்லி, மடித்து முடித்ததும் எதிர் எதிர் மூலைகளை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். தாள் முழுவதும் ஒரே மூச்சில் விரிந்தது. மூலைகளைச் சேர்த்தாள். ஒரே மூச்சில் சுருங்கி உள்ளங்கைக்குள் போனது.

கமிட்டித் தலைவர் தொபியாஸ், படகு கட்டுகிற பட்டறைக்காரர், அதை வாங்கிப் பார்த்தார்.

"தாளுக்குத் தடிமன் கெடையாது அமலி. பலகைக்கு உண்டே. மடிக்க மடிக்க அந்தத் தடிமன எங்க கொண்டு வைப்ப?"

"அதுக்குத்தான் மாமா ஆறு வருசம் படிச்சேன். ஒவ்வொரு கீலையும் பலகையோட தடிமன் அளவு தள்ளி வைக்கணும். வீடு ஒரு கட்டில் அளவுக்கு மடியும், முழங்கால் ஒசரம். எட்டுப் பேர் சேந்தா தூக்கிரலாம். கடல் வரும்போது எடுத்துக்கிட்டுப் போவோம். போனதும் திரும்பி வந்து அதே எடத்துல விரிப்போம்."

திரும்பி வருவதைப் பற்றி அவள் அன்றைக்கு மூன்று தடவை சொன்னாள். எல்லாருக்கும் பிடித்தது அதுதான்.

தொபியாஸின் பட்டறையில் வள்ளத்துக்கு ஃபைபர் பூசுகிற ஆட்களே பலகைகளை வார்த்தார்கள். கீல்களுக்குப் பாய்த்துணியும் வலைக்கயிறும். ஒரு அறை, ஒரு அடுக்களை, இரண்டு சன்னல், வாசலுக்கு மேல் மூன்று முழ நீளத்துக்கு ஒரு தாழ்வாரம். ஏழு மாதத்தில் நாற்பத்தேழு வீடுகள் எழும்பின, அதாவது விரிந்தன.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் காற்று திரும்பிக் கடல் மண்நிறமானது. தப்பாகிப் போனால் தன் அண்ணன் வீட்டோடு போகட்டும் என்று அமலி கஸ்பாரின் வீட்டை முதலில் மடிக்கச் சொன்னாள். கஸ்பார் ஒரு மூலையைப் பிடித்தான், ரெஜினா எதிர்மூலையைப் பிடித்தாள், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் உள்ளே தள்ளினார்கள். சுவர்கள் பெருமூச்சு விட்டதுபோல் உள்வாங்கின, கூரை முதுகு வளைத்துக் குனிந்தது, வீடு கட்டில் அளவுக்கு வந்தது, அமலியின் கணக்குப்படி அங்கே நிற்க வேண்டியது நிற்காமல் பெட்டி அளவுக்கு வந்தது, பெட்டி அளவிலிருந்து தாம்பாள அளவுக்கு வந்தது, கடைசியில் அவர்கள் இருவரின் கைக்கும் நடுவில் ஒரு ஜெபப் புத்தகம் அளவில், இரண்டு விரல் தடிமனில், இளஞ்சூட்டோடு அடங்கி நின்றது. மணலில் ஆறு பல்லிகளும் ஒரு எறும்பு வரிசையும் மிச்சம்.

ரெஜினா, "அடுப்புல ஆணம் கெடந்துச்சே" என்றாள்.

கஸ்பார் வீட்டை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான். "நனைஞ்ச துண்டு கனங்கூட இல்ல."

அமலி தன் கணக்குத் தாளைப் பார்த்தாள். திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தாள். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. தொபியாஸ், "மழை வருதுல்லா, அடுத்த வீட்டப் பாருங்க" என்றார். மதியத்துக்குள் நாற்பத்தேழு வீடுகளும் மடிந்தன, பெண்கள் அவற்றை மீன்கூடையில் அடுக்கி மேலே சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு உப்பளத்துக்கு அந்தப்புறம் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்து, அலை கழுவிய மணலில் அவரவர் இடத்தில் விரித்தார்கள். ரெஜினா அடுக்களைக்குள் போய் மூடியைத் திறந்து பார்த்தாள். மீன் குழம்பு கொதி அடங்காமல் இருந்தது.

இதையெல்லாம் ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஒரு மாதத்தில் மடிவீடு என்று பேர் வைத்தார்கள், இரண்டாம் மாதத்தில் மாதா கோயில் பங்குச்சாமி அதை மந்திரித்தார், மூன்றாம் மாதத்தில் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். தபால்காரர் வீட்டு எண்ணைத் தேடுவதை விட்டுவிட்டு ஆளைத் தேடக் கற்றுக்கொண்டார். பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண் தன் வீட்டையும் கையோடு கொண்டுபோய்த் தாய்வீட்டு முற்றத்தில் விரித்துக்கொண்டாள். பஸ்ஸில் மடிவீட்டுக்கு லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்று கண்டக்டர் டிப்போவில் கேட்டு வந்து, மடியில் வைத்திருந்தால் வேண்டாம், தரையில் வைத்தால் உண்டு என்று சொன்னார். விரிக்க இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் இழுக்க வேண்டும் என்பதால், சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த புருஷன் பெண்டாட்டிகள் மழைத்தூறல் விழுந்ததும் வேறு வழியில்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தடவை ரயிலடியில் யாரோ ஒருவர் மீன்கூடையிலிருந்து ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எட்டாம் நாள் அது கோயில் படியில் இருந்தது, விரித்துப் பார்த்தால் தரை பெருக்கித் துடைக்கப்பட்டு, தண்ணீர்ப் பானை நிறைந்திருந்தது.

மடிவீட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு, அதை ஊர் மெதுவாகத்தான் கண்டுகொண்டது. மீன்பிடிச் சீசனுக்கு மேற்குக் கடற்கரைக்குப் போனவர்கள் அங்கே வீட்டை விரித்ததும், கதவுக்குள்ளிருந்து முதலில் சிப்பித்துறைக் காற்றுதான் வந்தது. மடித்த நேரத்துக் காற்று. அதில் கருவாட்டு வாசமும் கோயில் மணியும் தொபியாஸ் பட்டறையின் சுத்தியல் சத்தமும் அலையும், மடிக்கிறதுக்கு முன்னால் அந்த வீட்டுக்குள் பேசிய பேச்சும் அப்படியே இருந்தன. ஒரு பகல் முழுக்க வீட்டுக்குள் அந்தக் காற்று சுற்றும். பொழுது சாய்ந்ததும் அது அடங்கி, விரித்த இடத்தின் காற்று உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். தூர ஊரில் முதல் நாள் அழுகை வராமல் இருக்க அது உதவியது என்று பெண்கள் சொன்னார்கள்.

மூன்று வருடம் இப்படிப் போனது. மூன்று வருடமும் கடல் வந்தது, வெறும் மணலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

நான்காம் வருடம் பங்குனியில் ஒரு அரசு அதிகாரி அமலியைத் தேடிச் சென்னைக்கு வந்தார். சின்ன வயசு, மரியாதையான ஆள், அவள் உட்காரச் சொல்லும்வரை நின்றார். அவர் கையில் அமலி எழுதிய கட்டுரை இருந்தது. அது நாலு தேசத்தில் படிக்கப்பட்ட கட்டுரை. கணக்கை மீறி வீடு ஏன் அவ்வளவு சிறிதாக மடிகிறது என்பதற்கு அதில் விளக்கம் இல்லை, அடிக்குறிப்பாக ஒரு வரி மட்டும் இருந்தது, மற்றபடி மடிப்பின் விதிகளும் படங்களும். அதிகாரி முதல் வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்.

"'இந்தக் கட்டமைப்பு எந்த நிலத்தையும் சார்ந்து நிற்பதில்லை.' இது சரிதானே மேடம்?"

"சரிதான்."

"அதையே ஒரு சான்றிதழா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா, கடற்கரை முழுக்க மூவாயிரம் மடிவீட்டுக்குத் திட்டம் போட்டுரலாம். உங்க பேர்லயே."

இரண்டு பக்கம் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். முதல் பக்கத்தில் மடிவீடுகள் நகரும் கட்டமைப்புகள், நிலையான கட்டடங்கள் அல்ல என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் சிப்பித்துறையின் சர்வே எண்கள் வரிசையாக இருந்தன. அமலி இரண்டு பக்கத்தையும் படித்தாள். சர்வே எண் எதற்கு என்று கேட்க வாயெடுத்தாள். மூவாயிரம் வீடுகள் ஒரே நாளில் கடலோரம் முழுக்க மடிவதை நினைத்தாள், அந்த நினைப்பு நன்றாக இருந்தது, கேட்டால் அது கலைந்துவிடுமோ என்று தோன்றியது. கேட்காமலே கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மாதம் சிப்பித்துறைக்காரர்களை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கரையில் ஒரு துறைமுகம் வருகிறது, நிலம் வேண்டும் என்றார்கள். தொபியாஸ் எழுந்து, நாற்பத்தேழு வீடு இருக்கிறதே என்றார். அதே அதிகாரிதான் பதில் சொன்னார், அதே மரியாதையோடு. வீடு இருந்தால் இடிக்க வேண்டும், இடித்தால் நஷ்டஈடு உண்டு, வேறு இடத்தில் ஊர் கட்டித் தர வேண்டும். இங்கே இடிக்க ஒன்றும் இல்லை, எல்லாம் நகர்கிற பொருள், வடிவமைத்தவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அமலியின் கையெழுத்தை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினார்.

"அப்ப எங்க ஊரு?" என்றார் தொபியாஸ்.

"ஊர் எங்கயும் போகலையே ஐயா. உங்க கையிலதான இருக்கு."

மூன்று வருடமாக அவர்கள் கூடையில் வீட்டை வைத்துக்கொண்டு போய் வந்ததை மாவட்டமே பார்த்திருந்தது. ஊர்க்காரர்கள் போய்ப் பார்த்த வக்கீல்கள் இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். முப்பது நாள் கெடு. கல்லால் கட்டிய மாதா கோயிலுக்கு மட்டும் சட்டப்படி நஷ்டஈடு வந்தது, அதற்கு மடியத் தெரியாது என்பதால்.

அந்த முப்பது நாளில் அமலி ஊருக்குப் போக ஏழு தடவை பெட்டியைக் கட்டினாள். ஏழு தடவையும் பிரித்து வைத்தாள். மூவாயிரம் வீட்டுத் திட்டத்தைப் பற்றி அதிகாரிக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. சான்றிதழைத் திரும்பப் பெறுவதாக எழுதிய கடிதத்துக்கு மட்டும், 'எழுதியதில் பிழை ஏதும் உண்டா, இருந்தால் தெரிவிக்கவும்' என்று ஒரு வரி வந்தது. எழுதியதில் பிழை இல்லை.

கடைசி நாள் காலையில் சிப்பித்துறை கடைசித் தடவையாக மடிந்தது. அமலி அங்கே இல்லை.

கடலுக்கு முப்பது கிலோமீட்டர் மேற்கே, கரிசல் காட்டில் சீமைக்கருவேலம் வெட்டிய ஒரு வெளியை அவர்களுக்குக் காட்டியிருந்தார்கள். போய்ச் சேர்ந்ததும் நாற்பத்தாறு வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன, நாற்பத்தாறு கதவுகளிலிருந்தும் அன்றைக்குக் காலையின் காற்று வெளியே வந்தது. அந்தக் கரிசலில் அன்று ஒரு பகல் முழுக்கக் கடல் இருந்தது. குழந்தைகள் தண்ணீரைத் தேடிக்கொண்டு வெளியின் விளிம்புவரை ஓடிப்போய், முள் குத்திக் காலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். பெண்கள் வாசலில் உட்கார்ந்து, தாங்களே காலையில் பேசிய பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தது. ஒவ்வொரு வீடாக அலை நின்றது. பிறகு சூடான மேல்காற்று, தூசியோடு.

கஸ்பார் மட்டும் விரிக்கவில்லை. ரெஜினா கேட்டதற்கு, "நாளைக்கு" என்றான். மறுநாளும் அதையே சொன்னான். நாலு கம்பு நட்டுத் தார்பாய் கட்டினான், வீட்டை ஒரு துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அதற்குள் உட்கார்ந்தான். வள்ளத்தை விற்றாகிவிட்டது, செங்கல் சூளைக்குப் போனான், போகும்போதும் வீட்டை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

முதலில் ஊர் அவனைக் கோட்டி பிடித்தவன், புத்தி கலங்கியவன் என்றது. பிறகு ஒவ்வொருவராகத் தார்பாய்க்கு வரத் தொடங்கினார்கள். தொபியாஸ் வந்து, வீட்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சிலர் காதில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்காது, ஆனாலும் வைத்தார்கள். பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் எங்கெங்கோ போய் மொட்டைமாடியை வாடகைக்குப் பிடித்து அதில் வீட்டை விரித்துக்கொண்டவர்கள் திருவிழாவுக்கு வரும்போது முதலில் கேட்பது, "இருக்கா?" என்பதுதான். கஸ்பார் "இருக்கு" என்பான். அவர்கள் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். சிப்பித்துறையின் காற்று உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால் அவனை விரிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கமிட்டி பேசாமலே முடிவு செய்தது. ரெஜினாவைக் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழிந்து, ரெஜினா அமலிக்குப் போன் செய்தாள். விசாரணைக்குப் பிறகு அந்தக் குடும்பத்திலிருந்து வந்த முதல் போன் அது.

"ஒங்கண்ணன் ஊர மடியில வச்சிக்கிட்டு இருக்காவ. நான் தார்பாய்க்கு அடியில கெடக்கேன். சரின்னு கெடந்தேன். இப்ப பிலோமி பேறுகாலத்துக்கு வந்திருக்கா, ஒம்பதாம் மாசம் நடக்கு. மாப்பிள்ள வீட்டுல எடமில்ல. கார்த்திக மழ விட்டு விட்டு ஊத்துது. பிள்ளத்தாச்சி தல மேல தண்ணி சொட்டுது."

"அண்ணன்ட்ட சொன்னீங்களா மைனி?"

"எனக்கு மட்டும் அந்தக் காத்து வேண்டாமா? எனக்கும் ஆசதான். சொல்லப் போவேன், சொல்லாம திரும்பி வந்துருவேன். நீ வந்து சொல்லு. ஆரம்பிச்சு வச்சவ நீதான."

அமலி அன்றைக்கே கிளம்பினாள். கரிசலில் இறங்கியபோது மழை விட்டிருந்தது, செருப்பில் மண் அப்பி ஒவ்வொரு அடிக்கும் கால் கனத்தது. தாண்டிய வாசல்களில் எல்லாம் தெரிந்த முகங்கள். யாரும் திட்டவில்லை. "வாம்மா" என்றார்கள், வெளியூர்க்காரரிடம் சொல்வதுபோல.

கஸ்பார் சூளையிலிருந்து வந்து சேறு கழுவிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் எதிரே ஒரு செங்கல்லைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, நான் ஒன்னு சொல்லணும். அந்தத் தாள்ல சர்வே நம்பர் இருந்துச்சு. படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. நான் படிச்சேன். படிச்சிட்டுத்தான் போட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"நீ ரெண்டாங் கிளாஸ்லருந்து ஒரு தாளையும் படிக்காம விட்டதில்ல."

அவன் கைநகத்தில் இருந்த மண்ணை எடுத்துக்கொண்டிருந்தான். தார்பாய்க்குள்ளே பிலோமி இடம் மாறிப் படுக்கிற சத்தம் கேட்டது. மழை மறுபடி தூற ஆரம்பித்தது, ரெஜினா எழுந்து மகளின் தலைமாட்டில் ஒரு சட்டியை வைத்தாள். சட்டியில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைக் கஸ்பார் கேட்டான்.

"எல்லாருக்கும் சொல்லி விடு" என்றான் ரெஜினாவிடம். "ஞாயித்துக்கெழம விரிப்போம்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து பஸ்ஸிலும் வேனிலும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். மொட்டைமாடிக்காரர்கள் வந்தார்கள், கட்டிக்கொடுத்த பெண்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போன பங்குச்சாமி வந்தார். சிப்பித்துறையில் ஈஸ்டருக்குக்கூட அவ்வளவு பேர் கூடியதில்லை. தொபியாஸ் வெளியின் நடுவில் கல் பொறுக்கி இடம் ஒதுக்கி வைத்திருந்தார். கஸ்பார் இடுப்புத் துணியை அவிழ்த்தான், ஒரு மூலையைப் பிடித்தான். ரெஜினா எதிரே வந்தாள். அவன் அவளைப் பார்த்து, பிறகு கூட்டத்தின் பின்னால் நின்ற தங்கையைப் பார்த்தான்.

"அமலி, வந்து பிடி."

அமலி வந்தாள். ரெஜினா ஒதுங்கிக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கஸ்பார்தான் சொன்னான். வீடு தாம்பாளமானது, பெட்டியானது, கட்டிலானது, முதுகு நிமிர்த்தி எழுந்து நின்றது.

எல்லாரும் உள்ளே போக முடியாது என்பதால் சன்னல்களைத் திறந்துவிட்டு, வீட்டைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். காற்று வந்தது. ஈரமான, உப்பான, இரண்டு வருடத்துக்கு முந்தின ஒரு காலையின் காற்று. அலை வந்து வந்து போனது. கோயில் மணி அடித்தது, அதற்குப் பலர் தங்களை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார்கள். உள்ளே ரெஜினா பாத்திரம் கழுவுகிற சத்தம், கோழியைக் கூப்பிடுகிற சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ ஒருவர் மூக்குறிஞ்சுகிற சத்தம். அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் இப்போது வட்டத்தில் உட்கார்ந்து அதே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மதியம் யாரும் சாப்பிடப் போகவில்லை. குழந்தைகள் சன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு தூங்கிப்போனார்கள். பிலோமியை உள்ளே கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில், காற்று மெலிந்துகொண்டு வந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து தொபியாஸின் குரல் வந்தது. வெளியே உட்கார்ந்திருந்த தொபியாஸ் தலையை நிமிர்த்தினார்.

"அமலி வரலியா?"

"வரல" என்றது கஸ்பாரின் குரல்.

"எப்படி வருவா? செஞ்சது அப்படி." அது யாரோ ஒரு பெண், வட்டத்தில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவள ஒன்னும் சொல்லாதிய" என்றது கஸ்பாரின் குரல். "வீட்ட மடிக்கச் சொல்லிக் கேட்டது நாமதான. மடிச்சுத் தந்தா. வருவா. பஸ்ஸு லேட்டா இருக்கும். கொஞ்சம் பாத்துட்டு மடிப்போம்."

பிறகு வெறும் அலை. நிறைய நேரம் வெறும் அலை. அவன் எவ்வளவு நேரம் காத்திருந்தான் என்பதை அங்கே இருந்த எல்லாரும், அவளும், அலை அலையாக உட்கார்ந்து கேட்டார்கள். கடைசியில் அந்தக் குரல், "ரெஜினா, அந்த மூலையப் பிடி" என்றது. அதோடு நின்றது.

கரிசலின் காற்று உள்ளே போனது. யாரோ ஒருவர் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். வேன்கள் கிளம்பின.

பதினோராம் நாள் அந்த வீட்டில் பிலோமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அமலி சென்னைக்குத் திரும்பாமல் அங்கேயே இருந்தாள், வெந்நீர் போட்டாள், துணி அலசினாள், குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டாள். கஸ்பார் அவளோடு பேசினான். பால் வாங்குவதைப் பற்றி, மழையைப் பற்றி, சூளையில் ஆள் குறைவதைப் பற்றி. புறப்படுகிற அன்றைக்குப் பஸ் நிறுத்தம்வரை அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் சொன்னான்.

"கையெழுத்து போட்டது போட்டுட்ட. அத நான் என்னைக்கோ விட்டுட்டேன். அன்னைக்குக் காலையில வந்திருக்கலாம்லா."

"ஆமாண்ணே" என்றாள் அமலி.

அவன் பெட்டியை ஏற்றி விட்டு, கண்டக்டரிடம் தங்கைக்குச் சன்னலோரமாக ஒரு சீட் பார்த்துத் தரச் சொன்னான்.